தள்ளுபடியான மனுக்களின் கணக்கு

 

பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாகக் கூடிய கூட்டத்தில் கவிதை, நாவல் என்று பேசாமல், கணினியில் வரும் அறிக்கைகளையும் இணையத்தில் போடும் உதவித்தொகை விண்ணப்பங்களையும் பற்றி நாங்கள் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பண்டிதரை வாசித்தவர்களுக்கு இருக்காது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி 1914இல் மறையும்வரை அவர் விடாமல் கேட்ட கேள்விகளில் ஒன்று, அரசாங்கத்தின் ஏட்டில் நம்மை என்ன பெயரில் எழுதுகிறார்கள் என்பது. 1911 குடிமதிப்புக் கணக்கின்போது அந்தக் கேள்வியை இதழிலேயே எழுப்பினார். கணக்கெடுக்க வருகிறவரின் பேனாவில் நம்முடைய வரலாறு மாட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்பேத்கருக்கும் இதே சண்டை வந்தது. வாக்குரிமையை ஆராய வந்த லோதியன் குழுவின் முன் 1932இல் தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்பதே வழக்காகிவிட்டது. அதுவரை யாரும் மறுக்காத எண்ணிக்கை, பிரதிநிதித்துவம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் சுருங்கத் தொடங்கியதை அவர் பிறகு எழுதிக் காட்டினார். எண்ணைக் குறைத்தால் உரிமை குறையும் என்ற தந்திரம் அன்றைக்கே இருந்தது. இன்று அந்தப் பேனா கணினிக்குள் போயிருக்கிறது. ஆகவே கணினி அறிக்கையை வாசிப்பதும் வாசிப்புதான். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பிரதியை வாசிப்பது.

பேச்சைப் பனவடலிசத்திரத்தில் தொடங்குகிறோம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் பேருந்தில் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஊர். வடலி என்றால் இளம் பனை. வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தின் பெயர் ஊருக்கு நின்றுவிட்டது. சுற்றிலும் மானாவாரி நிலம். மழை தப்பினால் நூறு நாள் வேலை, அதுவும் இல்லையென்றால் கேரளா, திருப்பூர், சென்னை. சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். அதற்கு முந்தைய எண் எது வேண்டுமானாலும் திருநெல்வேலிக்குள்தான் தேட வேண்டும். 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் நம் தெருவில் எத்தனை பேர் என்பதற்குக்கூட அரசிடம் இருக்கிற கடைசிக் கணக்கு அந்தப் பழைய மாவட்டத்துக்குள் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் ஒருவர் முதியோர் உதவித்தொகை கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2023இல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மனு இ-சேவை மையத்தில் கணினியில் ஏறுகிறது. அங்கிருந்து வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று மேலே போகிறது. இந்த வழியில் ஊராட்சி மன்றம் எங்கே வருகிறது என்று கேட்டால், எங்கும் இல்லை. ஆனால் பணம் வரவில்லையென்றால் அந்தப் பாட்டி போய் நிற்பது ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில். முடிவெடுக்கும் இடம் ஒன்று, பதில் சொல்லும் இடம் வேறொன்று. இடையில் தொலைந்துபோகிறவை மனுக்கள். அவற்றைப் பின்தொடரும் வேலையை உள்ளாட்சியும் நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அரசே வெளியிடும் அறிக்கைகளை வாசிக்கப் பழக வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்ல வந்தது.

தள்ளுபடியான மனுக்களை ஏன் குறிவைக்கிறோம்? மகளிர் உரிமைத்தொகையின் கணக்கைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது. விண்ணப்பித்த பெண்கள் 1 கோடியே 63 லட்சம். ஏற்கப்பட்டவர்கள் 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம். மீதி ஏறக்குறைய 56 லட்சத்து 50 ஆயிரம் பேருக்குக் காரணத்தைச் சொல்லும் எஸ்.எம்.எஸ். போயிற்று. செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தவர்கள் 11 லட்சத்து 85 ஆயிரம். அவர்களில் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் தகுதியானவர்கள் என்று நவம்பரில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த எண்களை மெதுவாகப் படிக்க வேண்டும். மேல்முறையீடு செய்தவர்களில் நூற்றுக்கு 62 பேரின் முதல் தள்ளுபடி தவறாகவோ அவசரமாகவோ நடந்திருக்கிறது. ஆனால் தள்ளுபடியானவர்களில் மேல்முறையீடு வரைக்கும் போனவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி 44 லட்சத்துச் சொச்சம் பேரிலும் நூற்றுக்கு 62 பேர் தகுதியானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தனக்கு நியாயம் இருக்கிறது என்று நம்பியவர்தானே மேல்முறையீட்டுக்குப் போயிருப்பார். சொல்லக்கூடியது இவ்வளவு: அந்த 44 லட்சத்தில் எத்தனை பேர் செய்தியைப் படித்து, புரிந்து, 'எனக்குத் தகுதி இல்லை' என்று ஏற்று உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை என்பது எந்த அறிக்கையிலும் இல்லை.

செய்தியைப் பார்க்காதவர்கள் நிறைய. அந்த நாட்களில் நாங்கள் சில தெருக்களில் மாலை வேளைகளில் உட்கார்ந்து பெண்களின் போன்களை வாங்கிப் பார்த்தோம். பல போன்களில் அந்த எஸ்.எம்.எஸ். திறக்கப்படாமலே ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. சிலருடைய விண்ணப்பத்தில் கொடுத்த எண் மகனுடையது, மகன் வெளியூரில். படித்துச் சொன்ன பிறகு காரணங்கள் வெளிவந்தன. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்று ஒருவருக்கு. போய்ப் பார்த்தால் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம். நான்கு சக்கர வாகனம் இருக்கிறது என்று இன்னொருவருக்கு. வீட்டுக்காரர் எப்போதோ விற்ற வண்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறவில்லை. 'வண்டி இருந்தா நான் ஏன்யா ஆயிரம் ரூபாய்க்கு நிக்கப்போறேன்' என்றார் அந்த அக்கா. காரணம் என்ன என்று தெரிந்ததும் தீர்க்கும் வழியும் தெரிந்துவிடுகிறது. முதல் ஆளுக்கு மின்வாரியத்திலிருந்து ஒரு தாள், இரண்டாம் ஆளுக்கு விற்பனைத் தாள். காரணம் தெரியாதவரைக்கும் எல்லாமே தலையெழுத்து.

ஒரு வீட்டின் காரணம் தனிக் கதை. ஒரே தெருவில் பத்து வீட்டுக்கு மின்சார யூனிட் என்று வந்தால் அது கூட்டு மீட்டர் பிரச்சினை, தெருவுக்கு ஒரு மனு போதும். தள்ளுபடிகளைக் காரணம் வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஊராட்சிக்குச் செய்ய வேண்டிய வேலையின் வரிசை தானே கிடைத்துவிடுகிறது. உரிமைத்தொகையைப் பற்றி நாம் செய்தியில் படித்த எண்கள் மாநில அளவிலானவை. தெருவுக்கு அவை பயன்படாது. தெருவின் கணக்கைத் தெருதான் எடுக்க வேண்டியிருந்தது.

நூறு நாள் வேலையில் நிலைமை வேறு. அங்கே எண்கள் ஊராட்சி வரைக்கும் இறங்கி வருகின்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய கொடைகளில் ஒன்று அதன் இணையதளம் என்று சொன்னால் மிகை ஆகாது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனால் யாருக்கு அட்டை இருக்கிறது, யார் வேலை கேட்டார், எந்த என்.எம்.ஆரில் பெயர் இருக்கிறது, கூலி எப்போது போனது, எந்தக் கூலி வங்கியிலிருந்து திரும்பி வந்தது, எந்த அட்டை நீக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது என்று எல்லாம் கிடக்கிறது. கடவுச்சொல் வேண்டாம், யாரும் பார்க்கலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும், ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஊர்க்காரருக்கே அடையாளம் தெரியாமல் இருப்பதும் தடை. ஆனால் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்று ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்தால் வழி பிடிபட்டுவிடும்.

வழி பிடிபட்ட பிறகு வருவது அடுத்த சிக்கல்: இந்த அறிக்கை எதைச் சொல்கிறது, எதை விழுங்குகிறது?

வேலை கேட்டவர், வேலை பெற்றவர் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நாட்டிலேயே இவ்வளவு ஒழுங்காக நடக்கும் திட்டம் வேறில்லை என்று தோன்றும். சட்டப்படி ஒருவர் வேலை கேட்டு மனுக் கொடுத்தால் தேதியிட்ட ரசீது கொடுக்க வேண்டும். 15 நாளுக்குள் வேலை இல்லையென்றால் வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதன்பின் அரைப் பங்கு. நடப்பது என்ன? வேலை தயாரான பிறகு யாரைக் கூப்பிடப்போகிறார்களோ அவர்களின் பெயரையே 'கேட்டவர்' என்று கணினியில் ஏற்றுகிறார்கள். வாய்மொழியாகக் கேட்டு, 'இந்த வாரம் அந்தப் பக்கத் தெருவுக்கு, உங்களுக்குப் பிறகு' என்ற பதிலோடு திரும்பியவர் அறிக்கையில் இல்லை. கேட்கவே இல்லை என்று ஆகிவிட்டவருக்குப் படி எங்கிருந்து வரும்? ஆகவே ரசீது என்பது சின்னத் தாள் என்று நினைக்கக் கூடாது. அறிக்கைக்குள் நாம் நுழையும் வாசல் அது.

கூலித் தாமதத்தின் கதை இன்னும் பாடம் தரக்கூடியது. என்.எம்.ஆர். முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 319 ரூபாயாக இருந்தது. அது முழுதாகக் கைக்கு வருவதில்லை என்பது வேறு புலம்பல். வந்ததாகவே வைத்தாலும் ஆறு நாள் கூலி 1,914 ரூபாய்க்கு ஒரு நாள் தாமதத்தின் விலை 96 பைசா. இந்த 96 பைசாவையும் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருந்தது. ஊராட்சியும் ஒன்றியமும் கூலிக்கான ஆணையைத் தயாரித்து அனுப்பும் நாளோடு கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு மத்திய அரசின் பணம் வந்து கணக்கில் ஏற எத்தனை வாரம் ஆனாலும் அறிக்கையில் தாமதம் இல்லை.

இதை வெளியே கொண்டுவந்தவர்கள் ராஜேந்திரன் நாராயணன், சகினா தோராஜிவாலா, ராஜேஷ் கோலானி என்ற ஆய்வாளர்கள். அவர்கள் ரகசிய ஆவணம் எதையும் திருடவில்லை. அரசின் அதே இணையதளத்திலிருந்து பத்து மாநிலங்களின் 2016-17ஆம் ஆண்டுக் கூலி விவரங்களை எடுத்து, ஒவ்வொரு கூலியும் உண்மையில் கணக்கில் ஏறிய நாள்வரை எண்ணினார்கள். 15 நாளுக்குள் கிடைத்தவை நூற்றுக்கு 21 மட்டுமே என்று வந்தது. அரசோ 85 சதவீதம் உரிய காலத்தில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே தளத்தின் எண்கள். கடிகாரத்தை நிறுத்திய இடம்தான் வேறு. 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூலி கைக்குப் போய்ச்சேரும்வரையான தாமதம் முழுவதுக்கும் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு, மத்திய அரசு தன் பங்குத் தாமதத்தைத் தள்ளிவிட முடியாது என்றது. அறிக்கையை வாசிக்கத் தெரிந்த சிலரால் வழக்குக்கு எலும்பு கிடைத்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அட்டை நீக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 2021-22இல் நாடு முழுவதும் இத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளர் பெயர்கள் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம். அடுத்த ஆண்டில் 5 கோடியே 18 லட்சம். 2023 ஜூலையில் மக்களவையில் அமைச்சர் கொடுத்த பதில் இது. காரணங்களாகப் போலி அட்டை, இரட்டை அட்டை, இறந்தவர், ஊரைவிட்டு நிரந்தரமாகப் போனவர், வேலை செய்ய விருப்பமில்லாதவர் என்று பட்டியல் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிதான் கூலி என்று ஆக்குவதற்கு முன்னால் இந்தத் துப்புரவு நடந்தது. திருப்பூரில் மூன்று மாதம் தையல் வேலைக்குப் போய்த் திரும்பியவர் எந்தக் கட்டத்தில் விழுந்திருப்பார் என்று யோசியுங்கள். காரணம் என்ற கட்டத்தில் இருப்பது உண்மை அல்ல, கணினி முன் உட்கார்ந்தவர் பட்டியலில் அழுத்திய ஒரு வரி. ஊராட்சி அளவில் அந்தப் பட்டியலை இறக்கி, கிராம சபையில் பெயர் பெயராகப் படித்தாலே போதும். 'இறந்தவர்' எழுந்து நின்று வணக்கம் சொல்வார்.

இனி நமக்கே உரிய சிக்கல். இந்த அறிக்கைகளின் கடைசி வரி ஊராட்சி. ஊராட்சிக்குள் ஊர் இருக்கிறது, காலனி இருக்கிறது. இரண்டையும் கலந்து ஒரு சராசரி வருகிறது. ஊராட்சியில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக இத்தனை நாள் வேலை என்றால், அதில் ஒரு பக்கம் எழுபது நாளும் மறுபக்கம் இருபது நாளும் இருக்கலாம். சராசரி பார்ப்பவருக்கு நாற்பத்தைந்து நாள், எல்லாம் சுபம். தீண்டாமை ஒளிந்துகொள்ள இவ்வளவு வசதியான இடம் வேறில்லை.

ஆனால் அதே அறிக்கைக்குள் இதை உடைக்க இரண்டு பிடி இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர், பெண்கள் என்று வேலை நாட்கள் தனித்தனியாகக் காட்டப்படுகின்றன; ஊராட்சியில் நம் வீடுகளின் பங்கையும் வேலை நாட்களில் நம் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெரிந்துவிடும். இன்னொன்று வேலை அடையாள அட்டையின் எண். அது வெறும் வரிசை எண் அல்ல. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று கோடு கோடாகப் போய், சாய்கோட்டுக்கு முன்னால் ஊராட்சிக்குள் இருக்கும் குக்கிராமத்தின் எண் வருகிறது. அதன் பிறகுதான் குடும்பத்தின் எண். அந்தக் குக்கிராம எண்ணை வைத்துப் பிரித்து அடுக்கினால் ஊரும் காலனியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். காலனி ஊரோடு ஒரே எண்ணில் சேர்ந்திருக்கும் இடங்களில் இது உதவாது. அங்கே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவதைத் தவிர வழியில்லை.

சாதி வாரியாகப் பிரிப்பது என்றதும் சிலருக்குத் தயக்கம் வரும். நியாயமான தயக்கம்தான், காரணமும் இருக்கிறது. 2021 மார்ச்சில் மத்திய அரசு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அந்த நிதியாண்டிலிருந்து நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று மூன்று தனி ஆணைகளாக அனுப்ப வேண்டும். பட்ஜெட்டில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று காட்டுவதற்காக என்றார்கள். விளைவு என்ன ஆயிற்று? ஒரே கண்மாயில் ஒரே நாளில் மண் சுமந்தவர்களில் ஒரு தெருவுக்குக் கூலி முந்தி வந்தது, அடுத்த தெருவுக்குப் பிந்தியது. 'உங்களுக்கு மட்டும் வந்துவிட்டதே' என்ற கேள்வியை வேலைத்தளத்தில் நம் பெண்கள்தான் கேட்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களிலிருந்து எதிர்ப்பு எழுந்து, அந்த ஆண்டுக்குள்ளேயே அந்த முறை கைவிடப்பட்டது.

நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: கூலியைப் பிரிக்காதே, அறிக்கையைப் பிரி. சேர்ந்து உழைத்தவர்களின் பணம் ஒன்றாக வரட்டும். ஆனால் யாருக்கு எத்தனை நாள், யார் மனு தள்ளுபடி, யார் கூலி திரும்பியது என்ற கணக்கு தெரு வாரியாக, சாதி வாரியாக வெளியே தெரிய வேண்டும். அரசு இதைத் தலைகீழாகச் செய்தது. பிரிக்கக் கூடாத இடத்தில் பிரித்தது, பிரிக்க வேண்டிய இடத்தில் சராசரியைப் போட்டு மூடியது.

கூலி திரும்பி வருவதற்கான காரணங்களில் ஒன்றை மட்டும் விளக்குகிறோம், ஏனென்றால் இதனால் அலைகிறவர்கள் அதிகம். பட்டியலில் 'இன்ஆக்டிவ் ஆதார்' என்று வரும். அதைப் படித்தவுடன் ஆதார் அட்டை செத்துவிட்டது என்று நினைத்துப் புது ஆதார் எடுக்க ஓடுகிறார்கள். ஆதாருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று பணப்பட்டுவாடாக் கழகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அந்த இணைப்பில் கோளாறு என்பதே அதன் பொருள். வங்கிக்குப் போய் இணைப்பைச் சரிசெய்ய வேண்டும், இ-சேவைக்கு அல்ல. இன்னொன்று, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் பணம் போகும். கடனுக்காக எங்கோ தொடங்கிய கணக்கில் கூலி போய் விழுந்திருக்க, பழைய பாஸ்புக்கை மாதா மாதம் வரவு பதியக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவர்கள் உண்டு.

பெயர்ப் பிரச்சினை இதைவிடக் கனமானது. நம் பெரியவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ் இல்லை. ஆதார் எடுத்தவர் உத்தேசமாக ஒரு ஆண்டைச் சொல்லி, பிறந்த நாள் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார். அந்த உத்தேசம் ஐந்து ஆண்டு பிந்திவிட்டால் 60 வயது உதவித்தொகை 65இல்தான். பேரன் பேத்தி எடுத்தவர் கணினிக்கு ஐம்பத்தைந்து. அதோடு, இந்த வட்டாரத்தில் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலருக்கு இரண்டு பெயர். கோவிலில் ஒன்று, பள்ளியில் ஒன்று. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை மதத்தோடு கட்டிவைத்ததால் பிழைப்புக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. கேலி பேச இதில் எதுவும் இல்லை. தாளில் இருந்தவரைக்கும் வி.ஏ.ஓ.வுக்கு இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் மற்றொரு பெயர் என்றால் 'பொருந்தவில்லை' என்று தள்ளிவிடுகிறது. இதைத் தெருவில் உரக்கப் பேசவும் முடியாது, சாதிச் சான்றிதழுக்கே ஆபத்து வரலாம். ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்கிறோம்: எண்ணிக்கை சுவரில் போகலாம், பெயரும் காரணமும் உரியவர் கைக்கு மட்டுமே போக வேண்டும்.

சுவர் என்று சொன்னது உருவகம் அல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட்கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடத்தியபோது செய்தது இதுதான்: அரசின் கூலிப் பட்டியலை ஊர் முன் உரக்கப் படித்தார்கள். பின்னாளில் பெயரும் தொகையும் சுவர்களில் எழுதப்பட்டன. 2019இல் அந்த மாநிலம் 'ஜன் சூச்னா' என்ற தளத்தையே திறந்தது. கர்நாடகத்தின் 'சகாலா' சட்டத்தில் ஒவ்வொரு மனுவுக்கும் எண், கெடு, கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 என்று மனுதாரருக்கு ஈடு. தமிழ்நாட்டில் சேவை உரிமைச் சட்டம் இன்னும் வரவில்லை. பிரிட்டனில் வீட்டு வாடகை உதவி மனுக்களை உள்ளாட்சிகளே பார்க்கின்றன. ஒரு புது மனு முடியச் சராசரி எத்தனை நாள் என்று ஒவ்வொரு உள்ளாட்சியின் பெயரையும் போட்டு அந்நாட்டு அரசு புள்ளிவிவரம் வெளியிடுகிறது. எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களை மோசடிக்காரர் என்று முத்திரை குத்தி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை இருப்பதே சந்தேகத்துக்குரிய குறியாகக் கணினியில் போடப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் அந்த அரசாங்கமே பதவி விலகியது. தரவு தானாக நமக்கு நண்பன் ஆகிவிடாது என்பதற்கு நம் ஊர் உதாரணம் போதும். இருந்தாலும் பணக்கார நாட்டு உதாரணம் சொன்னால்தான் சிலர் கேட்கிறார்கள்.

நம் ஊராட்சியில் என்ன செய்யலாம்? 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒவ்வொரு சபைக்கும் ஒரு வாரம் முன்னால் நூறு நாள் வேலைத் தளத்திலிருந்து மூன்று பட்டியல்களை இறக்க வேண்டும்: திரும்பி வந்த கூலிகள், நீக்கப்பட்ட அட்டைகள், சாதி வாரியான வேலை நாட்கள். உதவித்தொகை மனுக்களுக்கு அப்படிப்பட்ட பட்டியல் நம் கைக்கு எட்டாததால் தெருவுக்கு ஒரு நோட்டு. மனு போட்ட தேதி, மனு எண், இப்போது யாரிடம் நிற்கிறது, என்ன காரணம் சொன்னார்கள். நான்கே கட்டம். நோட்டைப் படித்த பிள்ளைகள் வைத்திருக்கட்டும், ஆனால் ஓ.டி.பி.யை யாரிடமும், அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லக் கூடாது. இ-சேவையில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படியிறங்கக் கூடாது. நாங்கள் பார்த்த ஓரிடத்தில் 'சர்வர் வேலை செய்யவில்லை, போட்டுவிடுகிறேன், போங்கள்' என்று தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவை மேசைக்கு அடியில் இருந்தன. அந்த மனுக்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, ஆகவே தள்ளுபடியும் ஆகவில்லை.

ஊராட்சித் தலைவர் நம்மவராக இருந்தால் இது எளிதா என்றால், இல்லை. தென்காசி மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தனி ஊராட்சிகளில் நம் பெண்கள் தலைவர்கள் ஆனார்கள். பட்டியல் சாதித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்ற வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்த மாநிலம் இது. கொடிக்கயிற்றைக் கொடுக்காதவர்கள் கடவுச்சொல்லைக் கொடுப்பார்களா? நாற்காலி மறுக்கப்பட்டால் படம் எடுக்கலாம், செய்தியாகும். டிஜிட்டல் கையொப்பச் சாவி வேறொருவர் மேசை இழுப்பறையில் இருப்பதைப் படம் எடுக்க முடியாது. தலைவரான அக்காமார்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்: சாவி யாரிடம் இருக்கிறது? பொது அறிக்கைகளுக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்பதால், சாவி கைக்கு வரும்வரை அவர் வாசிப்பதை யாரும் தடுக்க முடியாது. வாசித்துவிட்டு எழுத்தரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். தலைவருக்கு விவரம் தெரியும் என்பது அலுவலகத்தில் அன்றைக்கே பரவிவிடும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு இந்த வட்டாரத்து ஊராட்சிகளில் இயன்றவற்றில் மேற்படி பட்டியல்களோடு போக முடிவு செய்திருக்கிறோம். சபைத் தீர்மானப் புத்தகத்தில் 'பயனாளிகளின் குறைகள் பேசப்பட்டன' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், எத்தனை மனு, எந்தக் காரணம், யாரிடம் நிலுவை என்று எண்ணோடு எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதன் நகலை அன்றே கேட்க வேண்டும். கணினி தெரிந்த தோழர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் பெயர் கொடுங்கள். நோட்டுகள் அங்கேயே இருக்கின்றன. எடுத்துப் புரட்டினால் தெரியும், மனு எண் என்ற கட்டம் பல பக்கங்களில் காலியாக இருக்கிறது. அவர்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள், சீட்டு மட்டும் இல்லை. அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறோம்.